மஞ்சள் குடத்தின் முதல் பாட்டு

மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு, போட்ட நேரத்தை டயரியில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பவியின் செய்தி வந்தது. ஒரு இணைப்பு. அதற்குக் கீழே, “மாமா, பாட்டு வந்துருச்சு. நீங்க கேட்டுட்டு அம்மாட்ட சொல்லுங்க, ப்ளீஸ்.” அவ்வளவுதான். மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி நிரம்பி, தண்ணீர் மாடியிலிருந்து வாசலில் கொட்டத் தொடங்கியது. இந்த வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

“தண்ணி வீணாப் போகுது, என்னதான் பண்றீக?” என்று மனைவி கத்தினாள். பாட்டு வந்திருக்கிறது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன்.

பவி என் அக்காள் மகள். அக்கா நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய் அங்கேயே குடும்பமாகிவிட்டவள். பவி பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் அங்கேதான். படிப்பு மருந்தாளுநர் படிப்பு. வேலை ஒரு மருந்துக்கடையில். இரண்டும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன. கூடவே மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தாள். இவள் டிரம்ஸ் வாசிக்கிறவள். குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பின்வாசல் விளக்கு’ என்பது போல வரும். ஆல்டர்நேட்டிவ் ராக் என்று ஒரு வகையாம். “அப்படின்னா என்ன பவி?” என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். “வழக்கமான ராக்குக்கு மாற்று, அத்தை” என்றது பிள்ளை. “வழக்கமானதே எனக்குத் தெரியாதே, இதுல மாத்து வேறயா?” என்றாள் இவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பு வரும், அதற்குள் கவலை வந்து உட்கார்ந்துவிடும்.

வந்திருந்தது அவர்களுடைய முதல் சிங்கிள். படத்தில் வரும் பாட்டு இல்லை, பத்துப் பாட்டு சேர்ந்த தொகுப்பும் இல்லை. ஒரே ஒரு பாட்டு. ஒரு குழு தன்னை வெளி உலகத்துக்குக் காட்டிக்கொள்வது அங்கே அப்படி ஒரு பாட்டை வைத்துத்தான். அந்த ஒரு பாட்டுக்காகப் பவி மருந்துக்கடை வேலையை விட்டாள். அன்றிலிருந்து அக்கா மகளோடு பேசுவதில்லை. ஒரே ஊரில் இருக்கிறார்கள், பேசுவதில்லை. பாட்டு வெளியாகும் அன்று சாயங்காலம் அங்கே ஒரு சின்ன அரங்கத்தில் வாசிக்கப்போகிறார்கள் என்று பவி அம்மாவுக்கு ஒரு டிக்கெட் அனுப்பியிருந்தாள். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதாக அக்கா போனில் சொன்னாள். கிழித்துப் போடவில்லை என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

“ஏலே தம்பி, நீ கேட்டுப் பாத்துச் சொல்லு. நான் கேக்க மாட்டேன். ஒழுங்கான பாட்டுன்னா போறேன். கூத்தடிச்சு வச்சிருந்தாள்னா, நான் அந்தப் பக்கமே தல வச்சுப் படுக்க மாட்டேன்.”

“எனக்குப் பாட்டப் பத்தி என்னக்கா தெரியும்?”

“உனக்குப் பொய் சொல்லத் தெரியாதுல்ல, அது போதும்.”

நண்பரே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் பார்ப்பவன் நான். பேரிங்கு எத்தனை, பெல்ட்டு எத்தனை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஒரு ஆங்கிலப் பாட்டு நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல, அதை வைத்து ஒரு தாய் மகளைப் பார்க்கப் போவாளா மாட்டாளா என்பது முடிவாக வேண்டும். இதற்காக மில்லில் லீவு வேறு எழுதிக் கொடுத்திருந்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். ‘பாட்டு கேட்க’ என்று எழுத முடியுமா?

கேட்கப் பயந்துகொண்டு வாசலில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளத் தொடங்கினேன். சிமென்ட் தரையில் வெயில் ஏறிவிட்டிருந்தது. ஈரம் பட்டதும் ஒரு வாடை வந்தது. மண் வாசனை இல்லை; சூடான பிளாஸ்டிக்கும் துருவும் கலந்த ஒரு வாடை. தண்ணீரில் பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்று கவிழ்ந்து கிடந்தது, அதிலிருந்து வந்திருக்கலாம். எனக்கு அது தெருக்குழாய் வாடை.

இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு குழாய் கிடையாது. தெரு முனையில் ஒன்றுதான். தண்ணீர் வரும் நாள் என்று ஒன்று உண்டு, அதுவும் தள்ளித் தள்ளிப் போகும். வரும் நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆகவே குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் வீட்டு வேலையைப் பார்ப்பார்கள். யாருடைய குடம் எங்கே நிற்கிறது என்பதில் தகராறு வராது. பச்சைக் குடம் டெய்லர் வீடு, வாய் உடைந்த நீலக் குடம் செல்லத்தாயக்கா, மஞ்சள் குடம் நாங்கள். குடம் நின்றால் ஆள் நிற்பதாகக் கணக்கு.

குழாயில் முதல் சொட்டைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும், வரிசையில் கைக்கு எட்டிய வெறுங்குடத்தைக் கவிழ்த்து அதன் அடியில் தட்ட வேண்டும். கூப்பிட்டுக் கத்தக் கூடாது என்றில்லை. கத்தினால் மிக்ஸி ஓடும் வீட்டுக்குக் கேட்காது. குடத்தின் சத்தம் சுவருக்குள்ளும் போகும். எங்களுக்கு முதுகு காட்டி நிற்கும் பின்தெருவுக்கும் ஒரு குழாய் உண்டு. வால்வு திறப்பவர் ஒருநாள் எங்களுக்குத் திறப்பார், மறுநாள் அவர்களுக்கு. அதனால் இரண்டு தெருவுக்கும் தட்டு வேறு. அவர்கள் விடாமல் தட்டுவார்கள். நாங்கள் நாலு தட்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் இரண்டு தட்டு. அந்த நிறுத்தம் எதற்கு என்று செல்லத்தாயக்காவிடம் கேட்டிருக்கிறேன். “தண்ணி நிக்காம வருதான்னு காது குடுத்துக் கேக்கணும்ல தம்பி. நின்னுபோச்சுன்னா மிச்சத்தத் தட்டப்படாது.” தெருவே அந்த நிறுத்தத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். மிச்ச இரண்டும் விழுந்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவோம்.

செல்லத்தாயக்கா எதிர் வீடு. அவர் வீட்டுக்காரர் பந்தல்குடியில் லாரி செட்டில் வேலை பார்த்தார். குழாயடியில் செல்லத்தாயக்கா சொன்னதுதான் தீர்ப்பு. அவருக்கென்று யாரும் பதவி கொடுக்கவில்லை; அவருக்குச் சத்தம் பெரிது, அவ்வளவே.

பவிக்கு எட்டு வயசு இருக்கும்போது காது குத்துவதற்காக அக்கா ஊருக்கு வந்தாள். இங்கே வந்துதான் குத்த வேண்டும், தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் குத்த வேண்டும் என்று தள்ளித் தள்ளி அவ்வளவு வயசாகிவிட்டது. நல்ல கோடை. ஊரே காய்ந்து கிடந்தது. திருச்சுழி பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் வருவதாக இருந்தார்கள். சமையலுக்குத் தண்ணீர் என் பொறுப்பு. ஆட்களை நினைக்கிறேன், குடங்களை நினைக்கிறேன், குழாயை நினைக்கிறேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விசேஷத்துக்கு முதல் நாள் மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. நாலு தட்டு. நிறுத்தம். இரண்டு தட்டு. வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடினேன். தெருவே ஓடி வந்தது. டெய்லர் கழுத்தில் டேப்போடு வந்தார். யாரோ வீட்டில் பால் பொங்கி அடுப்பில் கருகுகிற நாற்றம் எங்களோடேயே வந்தது. குழாயடியில் பவி எங்கள் மஞ்சள் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடித் தட்டிக்கொண்டிருந்தாள். போன முறை தண்ணீர் வந்தபோது ஒரே ஒருதடவை கேட்டதுதான். பிசகில்லாமல் பிடித்திருந்தாள்.

யாரோ குழாயைத் திருகினார்கள். உஸ்ஸென்று காற்று மட்டும்தான் வந்தது; பிள்ளை சும்மா தட்டியிருக்கிறாள்.

அதற்குள் பின்தெருப் பெண்களும் குடத்தோடு வந்துவிட்டார்கள். அன்று அவர்கள் முறை. “எங்க மொறையில உங்களுக்கு எப்படித் தண்ணி வந்துச்சு? வால்வுக்காரரக் கைக்குள்ள போட்டுக்கிட்டீகளோ?” என்று ஒருத்தி கேட்க, எங்கள் தெரு பதில் சொல்ல, குடத்துக்குக் குடம் இடிக்கிற அளவுக்குப் போனது. நடுவில் அந்தப் பிள்ளை தட்டுவதை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தது. அக்கா ஓடி வந்து அவளைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு குரல், “வெளிநாட்டுல வளத்த வளப்பப் பாருங்கத்தா!” என்றது. அக்காவின் முகம் செத்துப்போனது. அவள் சம்பாத்தியத்தில்தான் இந்த வீட்டுக்கு மாடி கட்டியாயிற்று.

செல்லத்தாயக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “எதுக்குப் பிள்ளைய வைறீக? பிள்ள சரியாத்தான அடிச்சிருக்கு. குழாய்தான பொய் சொல்லுது!”

பின்தெருக்காரிகள்கூடச் சிரித்துவிட்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் கூட்டிப்போய், “இனிமே நீ எதையாச்சும் தட்டுன, பாத்துக்க” என்றாள். பவி தலையாட்டியது.

மறுநாள் பரளச்சிப் பக்கத்துக் கிணற்றிலிருந்து டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து சமாளித்தோம். சாம்பாரில் லேசாக டீசல் வாடை இருந்ததாக ஒரு சித்தப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். பவி என் மடியில் உட்கார்ந்திருந்தாள். முதல் காதைக் குத்தியதும் அழுதாள். ஆனால் அவள் வலது கை என் முழங்காலில் என்னவோ செய்துகொண்டிருந்தது. கவனித்தால், நாலு தட்டு, நிறுத்தம், இரண்டு தட்டு. அழுகைக்கு நடுவிலும் விடவில்லை. அந்த நிறுத்தம் வந்த இடத்தில்தான் ஆசாரி அடுத்த காதையும் குத்தினார். இரண்டு தட்டும் சரியாக விழுந்தன. அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

தாய்மாமன் சீராகத் தோடும் பட்டுப்பாவாடையும் வைத்தேன். “வேற என்னம்மா வேணும் மாமாகிட்ட?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். பவி வாசலில் கவிழ்ந்திருந்த மஞ்சள் குடத்தைக் காட்டினாள். “குடத்தத் தூக்கிட்டு ஏரோப்ளேன்ல போவாளா?” என்று அக்கா கத்தினாள். என் மனைவிதான் அதற்குள் மோர்மிளகாயும் கூழ்வடகமும் அடைத்து, வாயைத் துணியால் கட்டி, அதைக் குடம் என்ற கணக்கிலிருந்து சாமான் என்ற கணக்குக்கு மாற்றிக் கொடுத்தாள். வடகம் கேட்டு அக்காவுக்கும் நாக்கு ஊறியதோ என்னவோ, விட்டுவிட்டாள்.

வாசலைத் தள்ளி முடித்தாயிற்று. தரை காய்ந்தும் விட்டது. தள்ளுவதற்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் தேவலையே என்று இருந்தது. உள்ளே வந்தேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். “நீங்க போடுறீகளா, நான் போடட்டா?” என்று மனைவி கேட்டாள். மகன் வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர் ஒன்று தேங்காய் அளவில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் இணைத்தாள். எனக்கு அது எப்படிச் செய்வதென்று தெரியாது. சத்தத்தை எவ்வளவு வைப்பது என்றும் அவளுக்குத் தெரியவில்லை போல.

முதலில் டிரம்ஸே வரவில்லை. ஒரு குடம் வந்தது.

பிளாஸ்டிக் குடத்தின் அடி. மொத்துமொத்தென்ற அந்தச் சத்தத்தை வேறு எதுவும் தராது. நாலு தட்டு. நிறுத்தம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு தட்டு. மறுபடி நாலு. அதன்மேல் கிட்டார் வந்து ஏறியது, பந்தல்குடி ரோட்டில் லோடு லாரி கியர் மாற்றுகிற உறுமலோடு. அப்புறம்தான் டிரம்ஸ். ஒரு பையன் பாடினான். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்ப வந்த ஒரு வரி மட்டும் பிடிபட்டது. வந்துகொண்டே இருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். எவ்வளவு இரைச்சல் போட்டாலும் அந்த நிறுத்தம் வரும்போது கிட்டார், டிரம்ஸ், பாட்டு எல்லாம் சட்டென்று வாயை மூடிக்கொண்டன. அந்த ஒரு நொடி வீடு முழுக்க அமைதி. பிறகு இரண்டு தட்டு விழும், எல்லாம் கொட்டும்.

“யாரோ யாருக்கோ காத்துக் கெடக்காக” என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் கவலை போகவில்லை. இது ஒழுங்கான பாட்டா, கூத்தா? எனக்குப் பிடித்திருந்தது, எனக்குப் பிடித்தது ஒரு அளவுகோலா? குடத்தைக் கொடுத்தவனே நான். அக்காவிடம் என்ன சொல்வது?

வாசலில் கேட் திறக்கும் சத்தம்.

“தம்பி! தண்ணி வந்துருச்சாப்பா?”

செல்லத்தாயக்கா. முட்டி வலியால் வீட்டைவிட்டு அதிகம் இறங்காதவர். எப்படிப் படியிறங்கினாரோ, தெருவைத் தாண்டி வந்து நிற்கிறார். மூச்சு வாங்குகிறது. காலில் செருப்பு இல்லை. இடுப்பில் ஒரு சில்வர் குடம்.

உள்ளே பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு தட்டு விழுந்தது. நிறுத்தத்தில் செல்லத்தாயக்கா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். இரண்டும் விழுந்ததும்தான் என்னைப் பார்த்தார். “குழாயத்தான் எடுத்துட்டாகளே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெட்கத்தில் சிரிப்பு வந்தது அவருக்கு. “ஏத்தா, எந்திரிச்சு வந்துட்டேனே! இது யாரு அடிக்கிறது?”

“நம்ம பவிதான்க்கா.”

“அந்தப் பிள்ளையா? சரியாத்தான அடிக்குது.”

இங்கிலாந்துக்கு அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். இருந்தும் தூக்கக் கலக்கம் இல்லாத குரல்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“சொல்லு.”

“பாட்ட எனக்குச் சொல்லத் தெரியலக்கா. செல்லத்தாயக்கா குடத்தத் தூக்கிட்டு வந்துட்டாக. இந்தா, வாசல்ல நிக்காக. தண்ணி வந்துருச்சான்னு கேட்டாக.”

“அவுகளால நடக்கவே முடியாதுன்னயே.”

“நடந்துட்டாக.”

“போட்டுக் காட்டு” என்றாள்.

மனைவி பாட்டை முதலிலிருந்து போட்டாள். நான் என் போனை அந்தத் தேங்காய் ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்து காதில் வைத்தபோது அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஏலே, நான் ஏன்டா எந்திரிச்சு நிக்கேன்?”

திரும்பிப் பார்த்தேன், செல்லத்தாயக்காவும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

“எல்லாரும் நிறுத்துற எடத்துல சரியா நிறுத்துறா பாத்தியா? அவசரப்படல” என்றாள். பிறகு அவளுடைய பழைய குரல் வந்தது. “சரி, வையி. அந்த மண்டபத்துல நாற்காலி கிடையாதாம், நின்னுக்கிட்டேதான் கேக்கணுமாம். எந்தச் செருப்பப் போடுறதுன்னு பாக்கணும்.”

போனை வைத்தபோது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

செல்லத்தாயக்கா வீட்டிலும் மோட்டார் இருக்கிறது, தொட்டி இருக்கிறது, சமையலறையில் திருகினால் கொட்டுகிறது. ஆனாலும் வந்தவரை வெறுங்குடத்தோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. வாசல் குழாயில் பிடித்துக் கொடுத்தேன். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன். “போப்பா, எனக்குத் தூக்கத் தெரியாதாக்கும்” என்று இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

பழைய நாட்கள் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீருக்காக ஓடியவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். தெருக்குழாயைப் பிடுங்கிய நாள் என் டயரியில் இருக்கிறது. அந்த இடத்தில் சிமென்ட் கல் பதித்த நாளும் இருக்கிறது. எங்கள் தெருவில் கடைசியாகக் குடத்தைத் தட்டியது யார், என்றைக்கு என்று இல்லை. அது கடைசி என்று அன்று யாருக்குத் தெரியும்? இப்போது யார் வீட்டில் எப்போது தண்ணீர் ஏறுகிறது, எப்போது நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்கே தெரிவதில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

செல்லத்தாயக்கா தெருவைக் கடந்து போகிறவரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிறைகுடம் தளும்பி, சிமென்ட் கல்லில் சொட்டிக்கொண்டே போனது. உள்ளே மனைவி பாட்டை மறுபடி போட்டிருந்தாள், முன்னைவிடச் சத்தமாக. நாலு தட்டு விழுந்தது. நிறுத்தத்தில் அவர் நடுத்தெருவில் நின்றார். இரண்டும் விழுந்ததும் மறுபடி நடந்தார்.

தெருவில் வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை.